தோள்பட்டைக்கு ஜெல் ஊசியா? வேண்டாங்க!

1/ சானமாவு, சூளகிரி பக்கமிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் ஏறுறவங்களுக்காக இந்த இழை. கையைத் தோளுக்கு மேல தூக்கியே ஷிப்ட் முழுக்க வேலை. வலி வந்ததும் எம்ஆர்ஐ. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஜெல் ஊசி போட்டா சரியாகிடும்"னு ஆயிரக்கணக்குல பில். அவசரப்பட்டு போட்டுக்காதீங்க.

2/ ஜெல்னா ஹையலூரானிக் அமிலம். மூட்டுத் திரவத்துல இயற்கையாவே இருக்கிற வழவழப்பான பொருள். அமெரிக்க எஃப்டிஏ மூட்டு வலிக்கு இதை அனுமதிச்சது முழங்கால் தேய்மானத்துக்கு மட்டும்தான். தோள்பட்டைக்கு இல்ல.

3/ முழங்கால்லயாவது கிழிச்சுதா? 2022ல பிஎம்ஜே இதழ்ல 169 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. நோயாளி உணர்ற அளவுக்கு வலி குறையல. தீவிர பக்கவிளைவுதான் கூடுச்சு.

4/ தோள்ல பிரச்சினை பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே இல்ல. கையைத் தூக்குற தசைநாண் பாரம் தாங்காம நோகுது. எண்ணெய் விட்டா சரியாக அது கதவுக் கீலா? 2012ல நெதர்லாந்துல 159 பேருக்கு ஜெல், ஸ்டீராய்டு, போலி ஊசினு பிரிச்சுப் போட்டுப் பார்த்தாங்க. போலி ஊசியை ஜெல் ஜெயிக்கல. சாதகமா வந்த சில சின்ன ஆய்வுகளை மட்டும் காட்டி விக்கிறது நியாயமில்ல.

5/ "எம்ஆர்ஐல கிழிசல் தெரியுதே டாக்டர்?" வயசாக ஆக, வலியே இல்லாதவங்களுக்கும் அது தெரியும். நரைமுடி மாதிரி.

6/ அப்ப எது? பயிற்சி. 2021 லான்செட், பிரிட்டன், 708 பேர். ஒரே ஒரு தடவை நல்லா கத்துக்கிட்டு வீட்டுல செஞ்சவங்களும், ஆறு தடவை வரை பிசியோதெரபிக்குப் போனவங்களும் ஒரு வருஷத்துல ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினாங்க. லீவு கிடைக்காதவங்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? ஸ்டீராய்டு ஊசி தந்த நிவாரணமும் சில வாரம்தான்.

7/ ஆனா பாரம் குறையாம தசைநாண் ஆறாது. சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்குள்ளயா? இஎஸ்ஐ உங்க உரிமை. காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. தேவையான நாள் சந்தா கட்டியிருந்தா, டாக்டர் சான்றிதழோட வருஷத்துக்கு 91 நாள் வரை 70% சம்பளம். உங்க காசு அது, கேட்டு வாங்குங்க.

8/ சக மருத்துவர்களே, "இவருக்கு ரெண்டு மாசம் வேற வேலை குடுங்க"னு எழுதித்தர நமக்குப் பத்து பைசா வராது. ஊசிக்கு வரும். வித்தியாசம் அவ்வளவுதான். தேஞ்சது கம்பெனி வேலையில, செலவு தொழிலாளி பாக்கெட்ல. இதுக்கு நாம துணை போகலாமா?

9/ விழுந்து கை தூக்க முடியலையா? காய்ச்சலோட வீக்கமா? உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்க. மத்தவங்க ஊசிக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "டாக்டர், இது என் தசைநாணுக்கு வேலை செய்யும்னு எந்த ஆய்வு சொல்லுது?"