மூவருக்கு ஒரே கடிகாரம்

வில்வித்தை தனியொருவரின் கலை என்பதே பலரது எண்ணம். சர்வதேச அணிப் போட்டிகளைக் காண்போர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

ஒலிம்பிக் அணிப் போட்டியில் மூவர் ஓரணியாக நிற்பர். இலக்கு 70 மீற்றர் தொலைவில் இருக்கும். அதன் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்ரிமீற்றர் மட்டுமே. ஒரு சுற்றில் ஆளுக்கு இரண்டு அம்புகள். ஆறு அம்புகளுக்கும் சேர்த்து இரண்டே நிமிடங்கள். எய்தவர் பின்கோட்டுக்குத் திரும்பிய பின்னரே மற்றவர் முன்வரலாம். ஆகவே, ஒருவர் தயங்கினால் குறைவது அடுத்தவரின் நேரமே.

இக்களத்தில் தென்கொரியப் பெண்கள் அணி, 1988 சியோல் முதல் 2024 பாரிஸ் வரை தொடர்ந்து பத்து ஒலிம்பிக் விழாக்களில் தங்கம் வென்றுள்ளது. அங்கே பழைய புகழுக்குச் சலுகை இல்லை. 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று தங்கங்கள் வென்ற ஆன் சான், பாரிஸ் அணிக்குத் தேர்வாகவில்லை. சென்ற மூவருக்கும் அதுவே முதல் ஒலிம்பிக். இறுதியாட்டத்தில் முதலிரு சுற்றுகளை வென்ற அவர்கள், அடுத்த இரண்டையும் சீனாவிடம் இழந்தனர். ஆயினும் மனந்தளரவில்லை. ஆளுக்கோர் அம்பு எய்யும் முடிவுச் சுற்றில் 29க்கு 27 என வென்றனர்.

பிள்ளைகளை விளையாட்டுக் கழகங்களுக்கு அனுப்பும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். நேற்றைய வெற்றியைக் காட்டி இன்றைய இடத்தைக் கேளாதிருத்தலும், அடுத்து நிற்பவருக்கு நேரம் மீதம் வைத்தலும் பதக்கத்துக்கு முன்னரே கற்க வேண்டிய பாடங்களாகும்.