நாற்பத்தைந்து நாள் கணக்கு

தமிழக அரசின் ‘உங்களுடன் ஸ்டாலின்’ மனு முகாம்கள் 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில்தான் தொடங்கின. மகளிர் உரிமைத் தொகை கேட்டும் மனு தரலாம், 45 நாளில் முடிவு என்றார்கள். அந்தத் தொகைத் திட்டத்தின் விரிவாக்கத்தில் புதியவர்களுக்குப் பணம் வந்தது டிசம்பர் 12 அன்று. எண்ணிப் பார்த்தால் 150 நாள்!

2023 செப்டம்பரில் இந்த உரிமைத் தொகைத் திட்டம் வந்தபோது, நிராகரிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியே கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும், அவரும் 30 நாளில் முடிக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். அப்போது முறையிட்டோர் சுமார் 11.85 லட்சம்; அவர்களில் 7.35 லட்சம் பேர் அந்த நவம்பரிலேயே சேர்க்கப்பட்டனர். பாதிக்கு மேல்! அப்படியானால் முதல் சல்லடையில்தான் ஓட்டை. மேல்முறையீட்டை ஏதோ சலுகைபோல் நடத்துவது எந்த ஊர் நியாயம்?

காட்டுமன்னார்கோவிலில் நடவு வேலைக்குப் போகிற பெண்ணுக்குச் சிதம்பரம் கோட்டாட்சியர் அலுவலகம் ஒரு நாள் கூலி தூரம். ‘தகுதியில்லை’ என்று ஒற்றை வரி குறுஞ்செய்தி வந்தால் அவர் எதை மறுப்பார்? தகுதி வரம்பைத் தாண்டியது 3,600 யூனிட் மின்சாரமா, இரண்டரை லட்ச வருமானமா, யார் பெயரிலோ ஓடும் காரா? நிராகரித்த காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் கோட்டங்களில் நிலுவையில் உள்ள மேல்முறையீடுகள் எத்தனை என்பதை மாதந்தோறும் அலுவலக வாசலில் ஒட்டட்டும்.