கண்டம் போட வேண்டிய கப்பல்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4ஆம் தேதி கடற்படை தினம் கொண்டாடுகிறார்கள். 1971ல் அன்று இரவு கராச்சித் துறைமுகத்தை ஏவுகணைப் படகுகள் தாக்கியதை நினைவுகூரும் நாள் அது. ஏவுகணைப் படகுகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதே தேதியில், பொழுது விடியும் முன்பே, விசாகப்பட்டினத்துக்கு வெளியே ஒரு கிழட்டுக் கப்பல் செய்த வேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தக் கப்பலின் கதையில் நாட்டுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெங்களூரில் பிழைக்க வந்த நமக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். ராஜ்புத். பெயர்தான் நம்முடையது; பிறந்த இடம் ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க். 1942ல் ஜான் பிரவுன் கம்பெனி கட்டி முடித்த நாசகாரிக் கப்பல் அது. அன்று அதன் பெயர் 'ராதர்ஹாம்'. நீர்மூழ்கிகளைத் தேடி அடிக்க சோனார் கருவியும், நீருக்குள் குறித்த ஆழத்தில் வெடிக்கும் 'டெப்த் சார்ஜ்' குண்டுகளும் அதில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையில் ஓடியது. போர் முடிந்தது. பிரிட்டனுக்கு அத்தனை கப்பல்கள் தேவையில்லை. புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற இந்தியாவுக்குக் கப்பல்கள் தேவை. புதிது வாங்கப் பணமில்லை. 1949ல் 'ராதர்ஹாம்' ராஜ்புத் ஆயிற்று. அதன் கூட்டாளிக் கப்பல்கள் இரண்டு, ரஞ்சித், ராணா என்ற பெயர்களில் வந்தன.

அன்றைய நம் கடற்படையே பெரும்பாலும் பிறர் ஓட்டி முடித்த கப்பல்கள்தான். 'டெல்லி' முன்பு 'அகில்லீஸ்'. நமது மாநிலத்தின் பழைய பெயரைத் தாங்கி 1957ல் சேர்ந்த 'மைசூர்' முன்பு 'நைஜீரியா'. விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' கூட, பிரிட்டன் பாதியில் நிறுத்தி வைத்திருந்த 'ஹெர்குலிஸ்' என்ற கப்பலை வாங்கி, 1961ல் முடித்து எடுத்ததுதான்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு எஞ்சினுக்கும், பெட்டிக்கும், வேகனுக்கும் இத்தனை வருஷ ஆயுள் என்று கணக்கு உண்டு. குறித்த காலத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஓவர்ஹால் செய்து வரவேண்டும். ஆயுள் முடிந்தால் 'கண்டம்' போட்டு ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கண்டம் போட வேண்டிய வண்டியையும் ஒரு நல்ல ஃபிட்டர் இன்னும் சில வருஷம் ஓட்டிக் காட்டுவார். புத்தகத்தில் இருப்பது ஒரு ஆயுள். தொழிலாளியின் கையில் இருப்பது இன்னொரு ஆயுள்.

ராஜ்புத்தும் அப்படித்தான் ஓடியது. 1961ல் கோவா விடுதலை நடவடிக்கையில் பங்கு கொண்டது. 1971 வந்தபோது அதற்கு வயது 29. கண்டம் போடும் நிலையை நெருங்கிவிட்டது.

அப்போது கிழக்குக் கடற்படைத் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை வேட்டையாட 'காஜி' என்ற நீர்மூழ்கியைப் பாகிஸ்தான் நவம்பர் 14ல் கராச்சியிலிருந்து அனுப்பிவிட்டது. வங்காள விரிகுடா வரை வந்து போகக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் அது ஒன்றுதான்.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஒளித்து வைத்தார். அது விசாகப்பட்டினத்துக்கு வருவதுபோல் வதந்தி பரப்பினார். பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு சாமான்களுக்கு ஆர்டர் போனது. தாயாரின் உடல்நலம் விசாரித்து விக்ராந்த் மாலுமி ஒருவர் அனுப்பியதுபோல் ஒரு தந்தியும் போனது. கிழட்டு ராஜ்புத் கடலுக்குப் போய், விக்ராந்தைப் போலச் சளைக்காமல் வயர்லஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தது. தாய்க் கோழிக்குப் பதில் கிழட்டுச் சேவல் நரியின் முன்னால் போய் நின்றது!

டிசம்பர் 3 நள்ளிரவு. லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் ராஜ்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. எதிரே நீரில் ஒரு கலக்கம் தெரிந்தது. இரண்டு குண்டுகளைப் போட்டுவிட்டுத் தன் வழியே போனது. சிறிது நேரத்தில் கரையில் வீட்டு ஜன்னல்கள் அதிரும்படி ஒரு வெடிச்சத்தம். காஜி 93 பேருடன் மூழ்கியது. அது ராஜ்புத்தின் குண்டா, காஜி தானே விதைத்த கண்ணிவெடியா, உள்ளுக்குள் ஏற்பட்ட வெடிப்பா என்பதில் இரு நாட்டாரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். அந்தக் காஜியும் பழைய சாமான்தான்! 1945ல் அமெரிக்கக் கடற்படையில் 'டயப்ளோ' என்ற பெயரில் சேர்ந்து, பின்னர் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்கு வந்த நீர்மூழ்கி. பிரிட்டன் விற்ற பழைய கப்பலும் அமெரிக்கா குத்தகைக்கு விட்ட பழைய நீர்மூழ்கியும் எதிரெதிரே நின்றன. செத்தவர்கள் இரண்டு ஏழை நாட்டுப் பிள்ளைகள். விற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?

"அப்படியானால் பழைய கப்பல் வாங்கியது சரிதானே? 27 வருஷம் உழைத்ததே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1949ல் வேறு வழியில்லை. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விற்றவனிடம் கப்பலை வாங்கலாம், அவன் தயவை எத்தனை நாள் வாங்க முடியும்? 1965 போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஆயுதம் கொடுப்பதை நிறுத்தின. உதிரிப்பாகம் கேட்டு நிற்பவன் கையில் நாட்டின் பாதுகாப்பு எப்படி இருக்கும்?

பணத்திலும் லாபம் நிச்சயமில்லை. ரஷ்யாவின் பழைய 'கோர்ஷ்கோவ்' கப்பலை இனாமாகத் தருகிறோம், பழுது பார்க்கும் செலவு மட்டும் கொடுங்கள் என்றார்கள். 2004ல் சுமார் 97 கோடி டாலர் என்று பேசிய கணக்கு, 2010ல் சுமார் 235 கோடி டாலரில் போய் நின்றது. 2013ல்தான் அது 'விக்ரமாதித்யா' ஆகிக் கைக்கு வந்தது. இனாம் மாட்டுக்குக் கயிறு விலை!

இதைவிடப் பெரிய பாடம் ராஜ்புத்தின் வெற்றிக்கு ஐந்தே நாளில் வந்தது. டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் 'குக்ரி' கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் மாண்டனர். கேப்டன் முல்லா கப்பலோடு போனார். குக்ரி பழைய கப்பல் அல்ல. நமக்காகவே பிரிட்டனில் புதிதாகக் கட்டி 1958ல் சேர்ந்தது. அதன் வேலையே நீர்மூழ்கி எதிர்ப்பு. அதைக் காக்க அதன் காதுகளால் முடியவில்லை.

காது என்று சோனாரைத்தான் சொல்கிறேன். நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி அது. குளத்தில் இறங்கிப் பாருங்கள்: மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் சில்லென்றும் இருக்கும். நம் வெப்பக் கடலும் அப்படித்தான். சூடு மாறும் இடத்தில் ஒலி வளைந்து கீழே போய்விடும்; அதன் மறைவில் நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளலாம். குளிர்ந்த கடல்களை நினைத்துச் செய்த கருவி நம் கடலில் திணறியது. புதுக் கப்பல் வாங்கினாலும் இரவல் காதுதான் என்றால், பழைய கப்பலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களில் முதன்மையானவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் என்ற கடற்படை அதிகாரி. போருக்குப் பின் பிரிட்டிஷ் சோனாரைத் திருத்தினார். பிறகு கொச்சி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் 'அப்சோ' என்ற சோனார் உருவாகி, 1980களின் தொடக்கத்தில் 'ஹிம்கிரி' கப்பலில் ஏறியது. ஹிம்கிரி பம்பாயில் கட்டிய கப்பல். அந்தச் சோனாரைத் தொழிற்சாலையில் செய்தது எங்கே? நம் பெங்களூர் ஜாலஹள்ளி பி.இ.எல்.லில்! கடலே இல்லாத ஊரில் கடற்படைக்குக் காது செய்தார்கள்.

தோழர்களே, இங்கேதான் நம் பங்கு வருகிறது. பி.இ.எல்., எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்ற பொதுத்துறை ஆலைகளில் கன்னடரோடு தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தனர். சால்டரிங் இரும்பு பிடித்த கைக்கு என்ன மொழி? "பிழைக்க வந்தவர்கள் இந்த ஊருக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று காவிரிப் பிரச்சினை கிளம்பும்போதெல்லாம் ஒரு குரல் எழும். சண்டைக்குப் போகாமல் அமைதியாகப் பதில் சொல்லலாம்: "உங்களோடு சேர்ந்து இந்த நாட்டுக்குக் காது கொடுத்தோம்."

ஆனால் அந்தக் கை நாளை இருக்குமா? பொதுத்துறையில் நிரந்தர வேலை சுருங்குகிறது. ஒப்பந்த வேலை பெருகுகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டதும், கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்ததுமான பி.இ.எம்.எல்.லின் 26 சதவீதப் பங்கை நிர்வாகத்தோடு தனியாருக்கு விற்க 2016ல் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்து, 2021 ஜனவரியில் விருப்ப விண்ணப்பமும் கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு காண்டிராக்டர் மாறும் இடத்தில், ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குத் தொழில் எப்படி இறங்கும்? கருவியின் வரைபடம் ஃபைலில் இருக்கும். இது ஏன் பழுதாகிறது, எந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பாகம் போகிறது என்பது தொழிலாளியின் விரலில் அல்லவா இருக்கிறது!

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. கொச்சியில் கட்டிய புது விக்ராந்த் 2022ல் கடற்படையில் சேர்ந்தது. 2025 ஜூனில் அர்னாலா என்ற நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் விசாகப்பட்டினத்தில் சேர்ந்தது. அந்த வேலையில் நம் எண்ணூருக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளிக்கும் பங்குண்டு. மகிழ்ச்சிதான். விழா மேடையில் கப்பலுக்கு மாலை போடுகிறார்கள். கப்பலைச் செய்தவனுக்கு வேலை நிரந்தரமா என்று கேட்பது யார்? நாம்தான் கேட்க வேண்டும்.

ராஜ்புத்தின் பணி 1976ல் முடிந்தது, உடைத்து இரும்பாக்கினார்கள். அதே பெயரில் 1980ல் சோவியத்திலிருந்து வந்த இன்னொரு கப்பலும் 2021ல் ஓய்வு பெற்றுவிட்டது. கப்பலுக்கு ஆயுள் உண்டு. கண்டம் போடுவதில் தவறில்லை. தொழில் அறிவைக் கண்டம் போடக்கூடாது. அதைச் சுமக்கும் தொழிலாளியைக் கண்டம் போடக்கூடாது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தர ஆள், பயிற்சி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டில் எந்த மொழி பேசினாலும், வேலை: இந்த இரண்டு கோரிக்கைகளையும் கன்னடத் தோழர்களோடு சேர்ந்து எழுப்புவோம். தனியாகக் கத்தினால் அது புலம்பல்; சேர்ந்து கேட்டால்தான் அது சங்கம்.