பழைய கணினியில் தொடங்குங்கள்
நெட்வொர்க்கும் சர்வர் நிர்வாகமும் கற்க வரும் பிள்ளைகளை எடுத்த எடுப்பிலேயே சான்றிதழ் தேர்வுக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விடைகளை மனப்பாடம் செய்து தேறியவர், சர்வர் நின்றுபோன நள்ளிரவில் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். வீட்டில் ஒதுக்கிப் போட்ட கணினி ஒன்று போதும். அதில் டெபியன் லினக்ஸை நிறுவுங்கள். ஓடத் தொடங்கியதும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். டிஎன்எஸ் சர்வரின் முகவரியைத் தவறாகக் கொடுத்தால் எந்தத் தளமும் பெயரைச் சொன்னால் திறக்காது, ஆனால் 8.8.8.8 என்ற எண் முகவரிக்குப் பிங் அனுப்பினால் பதில் வரும். இணைப்பு நன்றாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு என்பது அந்த நிமிடமே விளங்கிவிடும். (பிங், மைக் மூஸ் 1983-இல் எழுதிய சிறு நிரல். இன்றும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.) இந்த அடிப்படை பெரிய இடங்களுக்கும் பொருந்தும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்தது; அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழிகளும் இணையத்திலிருந்து மறைந்தன. தொலைவிலிருந்து நுழைய வழியில்லாமல், பொறியாளர்கள் தரவு மையத்துக்கே நேரில் போனார்கள். தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் 22-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் தவறி அடைத்துவிட்டு வெளியே நிற்கும் தொடக்கநிலை மாணவருக்கும் இதே நிலைதான். வீட்டுக் கணினி என்றால் அவர் திரையையும் விசைப்பலகையையும் செருகி உடனே திறந்துவிடலாம்.