கட்டியவர் பேர் எங்கே? கல்வெட்டில் ஒரு வரி போதும்!

வெள்ளக்கடை:

மலையில் இருந்து சேலத்துக்கு இறங்கி, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரசில் ஏறினால் விடிவதற்குள் சென்டிரல். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் மணிக்கூண்டு. பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை. கொஞ்சம் தள்ளி ஐகோர்ட்டு. "யார் கட்டினது?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் கட்டினது" என்பார்கள். அத்தோடு சரி!

இது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் அமுக்கி விட்டார்கள்.

பிளான் போட்டவர்கள்

பிளான் போட்டது வெள்ளைக்காரர்கள்தான். மறுக்கவில்லை. சென்டிரலுக்கு ஜார்ஜ் ஹார்டிங். அதில் பிறகு மாற்றம் செய்தவர் ராபர்ட் சிஷோம். மெரினா கடற்கரை எதிரே பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ஊட்டியில் நீலகிரி நூலகம் எல்லாம் இதே சிஷோம் கைவண்ணம். ஐகோர்ட்டை 1892-ல் முடித்துக் கொடுத்தவர் ஹென்றி இர்வின். 1897-ல் எரிந்து போன மைசூர் அரண்மனைக்குப் பதிலாகப் புது அரண்மனைக்கு பிளான் கொடுத்தவரும் அவரே. ரிப்பன் மாளிகைக்கு ஹாரிஸ்.

சரி, காகிதத்தில் கோடு போட்டால் கட்டிடம் எழும்பி விடுமா?

நம் ஆட்கள்

ரிப்பன் மாளிகையைக் கட்டி எழுப்பியவர் லோகநாத முதலியார். 1909-ல் தொடங்கி 1913-ல் முடித்தார். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய்.

எழும்பூர் ரெயில் நிலையம் 1908-ல் திறக்கப்பட்டது. பிளான் இர்வின். கட்டிய காண்டிராக்டர் பெங்களூர் சாமிநாத பிள்ளை.

நம்பெருமாள் செட்டியார் கதை இன்னும் பெரிது. சட்டக் கல்லூரி, கன்னிமரா நூலகம் எல்லாம் அவர் எடுத்துக் கட்டியவை. கணித மேதை ராமானுஜன் 1920-ல் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருடைய பங்களாவில்தான். அடேயப்பா! இந்த மனிதரை எத்தனை பேருக்குத் தெரியும்?

சைக்கிள் திருடு போனால் போலீசில் எப்.ஐ.ஆர். உண்டு. பேரைத் திருடினால் கேசே இல்லை!

இது பெருமைக்குக் கேட்பதா?

"நூறு வருஷத்துக்கு முந்தின பேரை வைத்து என்ன செய்ய?" என்று கேட்கலாம். சொல்கிறேன்.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். நம் கொத்தனார்கள் சுண்ணாம்பை அரைத்து, பூசி, தேய்த்து பளபளக்க வைத்த வேலை. அதன் மேல் இன்றைக்கு சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். காரை உதிரும். பிறகு "பழசு, ஆபத்து, இடிக்கலாம்" என்பார்கள். கட்டியவனையும் மறந்து, அவன் தொழிலையும் மறந்தால் இதுதான் கதி.

"நம்முடையது அல்ல" என்று நினைத்தால் காப்பாற்றவும் மனசு வராது. மவுண்ட் ரோட்டில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006-ல் இடிக்கவே ஆரம்பித்து விட்டார்கள். கோர்ட்டுக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டி இருந்தது. மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கு இரையானது. போனது போனதுதான்.

நம்ம மலையிலும்

சேர்வராயன் மலைக்கு காபி கொண்டு வந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் பேர் எல்லாருக்கும் தெரியும். அவர் குடியிருந்த கிரேஞ்ச் பங்களாவை டூரிஸ்டுகளுக்குக் காட்டுகிறோம். கல் உடைத்தவன், மேலே சுமந்தவன் பற்றி யாராவது பேசுகிறோமா?

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தாலும் சலவைக்கல்லில் மந்திரி பேர், எம்.எல்.ஏ. பேர், கலெக்டர் பேர். கொளுத்தும் வெயிலில் சாரத்தில் நின்ற மேஸ்திரி பேர் மட்டும் இல்லை!

கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். பழைய கட்டிட வாசலில் ஒரு போர்டு. பிளான் போட்டவர் பேரும் கட்டியவர் பேரும் தமிழில் இருக்கட்டும். ரெயில்வேயும் மாநகராட்சியும் நினைத்தால் ஒரே வாரத்து வேலை. இனி எழும் கட்டிடங்களில், வெள்ளக்கடை ஆனாலும் சென்னை ஆனாலும், திறப்பு விழாக் கல்லில் மேஸ்திரிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

ரிப்பன் வெட்டுகிறவருக்கு இடம் இருக்கிற கல்லில், கல் வைத்தவனுக்கு இடம் இருக்காதா?