கைத்தறிக்கு ஏன் கார்பன் கிரெடிட் இல்லை?

ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால் ஒரு கார்பன் கிரெடிட். குறைத்தவர் விற்கலாம், குறைக்க முடியாதவர் வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம். 1997 கியோட்டோ ஒப்பந்தம் திறந்துவிட்ட வியாபாரம் இது. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம்கூட உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பதிவு செய்தது.

விதி என்னவென்றால், கிரெடிட் பணம் இல்லாவிட்டால் அந்தத் திட்டமே நடந்திருக்கக் கூடாது. ஆனால் அன்று காற்றாலைக்கு வருமான வரியில் 80 சதவீதத் தேய்மானம் உண்டு, ஆலைக்குச் சொந்த மின்சாரம் வேறு. பிறகு கிரெடிட் எதற்கு? (2008இல் 20 யூரோவைத் தாண்டிய விலை 2012 முடிவில் ஒரு யூரோகூட இல்லை. காற்றாலைகள் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தன!)

வாலாஜாபாத்தில் காலால் மிதித்துத் தறி நெய்பவருக்கோ ஒரு பைசா கிடையாது. அவர் தறி புகையே விட்டதில்லை, எதைக் குறைப்பார்? 2023இல் இந்தியா அறிவித்த கார்பன் சந்தையிலும் விற்க வேண்டுமானால் முதலில் குறைத்துக் காட்டியாக வேண்டும்.