தோற்றவருக்கு இன்னோர் ஆட்டம்

‘தோல்வியே வெற்றிக்கு முதற்படி’ என்று நம் வகுப்பறைச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். சபைகூடலிலும் அதனை அடிக்கடி எடுத்துரைக்கிறோம். சொல்வதில் நமக்குக் குறைவில்லை. ஆயினும், முதற் சுற்றிலேயே தோற்றுவிட்ட பிள்ளை ஏறுவதற்கு இரண்டாவது படி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோமா என எவரேனும் வினவினால் நாம் விடை கூறத் தயங்குவோம்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், அண்மை நகரமொன்றில் நடைபெற்ற சிறுவர் டென்னிஸ் போட்டியைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்து வந்திருந்தார். பத்து வயதுச் சிறுமி. விடியுமுன் எழுந்து, இரண்டு மணி நேரம் காரில் வந்து, எட்டரை மணிக்கு ஆடத் தொடங்கி, ஒன்பதே காலுக்கெல்லாம் 6-1, 6-0 என்று தோற்றுவிட்டாள். தந்தையார் மட்டையை உறையிலிட்டுப் புறப்பட ஆயத்தமானபோது, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளொன்றைச் சிறுமி சுட்டிக் காட்டினாள். முதல் ஆட்டத்தில் தோற்றவர்களுள் விரும்புவோர் ஆறுதல் ஆட்டங்களில் கலந்துகொள்ளலாம், பத்தரை மணிக்குள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

“தோற்றவர்களுக்கு வைக்கிற ஆட்டந்தானே அம்மா, நமக்கெதற்கு? வா, போகலாம்” என்றார் தந்தை.

“ஒரே ஓர் ஆட்டம் அப்பா” என்றாள் அவள்.

அருகில் நின்ற நாம் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறோம்.

ஆறுதல் ஆட்டம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியாத பெற்றோர் பலர் இருப்பர். டென்னிஸ் போட்டிகள் பெரும்பாலும் தோற்றவர் விலகும் முறையில் நடைபெறுவன. 32 பேர் கலந்துகொண்டால் வெற்றியாளரைக் காண 31 ஆட்டங்கள் போதும். (ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேற, இறுதியில் ஒருவரே எஞ்சுகிறார். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கை வேறு எண்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்.) நேரமும் செலவும் குறைந்த முறைதான். ஆனால் அந்த 32 பேரில் 16 பேர், அதாவது சரிபாதியினர், ஒரே ஓர் ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றனர். நுழைவுக் கட்டணம், பயணம், பல வாரப் பயிற்சி யாவும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. இந்த 16 பேருக்கும் வேறோர் அட்டவணை அமைத்தால் கூடுதலாக நடத்த வேண்டியவை 15 ஆட்டங்களே. வந்தவர் அனைவருக்கும் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘முதற் சுற்றில் தோற்றவர்’ என்பதும் ‘முதல் ஆட்டத்தில் தோற்றவர்’ என்பதும் ஒன்றல்ல. 32 இடங்கள் கொண்ட அட்டவணையில் 27 பேரே சேர்ந்தால், 5 பேர் ஆடாமலேயே இரண்டாம் சுற்றுக்குச் சென்றுவிடுவர். அவர்களுள் ஒருவர் இரண்டாம் சுற்றில் தோற்றால், அவர் ஆடியதும் ஓர் ஆட்டமே. எதிராளி வராததால் முன்னேறி, அடுத்த சுற்றில் தோற்றவரின் நிலையும் அதுவே. ஆகவே நன்கு நடத்தப்படும் போட்டிகளில் சுற்றைப் பார்க்காமல், ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்த்தே இடமளிக்கின்றனர். நேரம் போதாதெனில் ஆறுதல் ஆட்டங்களைச் சுருக்குவதும் உண்டு. மூன்று செட்டுகளுக்குப் பதிலாக, முதலில் எட்டு கேம்களை எட்டுபவரே வென்றவர் எனும் ஒரே செட்டாக ஆடலாம். அல்லது ஆளுக்கொரு செட் வென்று சமநிலையில் நின்றால், மூன்றாம் செட்டை விடுத்துப் பத்துப் புள்ளிகள் கொண்ட டை பிரேக் ஆடலாம். இன்னும் ஒருபடி சென்று, நான்கு திசைகளின் பெயரால் அட்டவணை அமைப்போரும் உளர். 16 பேரும் கிழக்கில் தொடங்குவர். முதலில் தோற்றோர் மேற்குக்கும், கிழக்கின் இரண்டாம் சுற்றில் தோற்றோர் வடக்குக்கும், மேற்கிலும் உடனே தோற்றோர் தெற்குக்கும் செல்வர். எவருக்கும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாது.

இஃது இன்று தோன்றிய சலுகையுமன்று. டென்னிஸின் தலைநகர் எனப் போற்றப்படும் விம்பிள்டனிலேயே, ஒற்றையர் ஆட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் தோற்றவர்களுக்கெனத் தனிப் போட்டியொன்று 1896-ஆம் ஆண்டில் ஆண்களுக்கும் 1933-இல் பெண்களுக்கும் தொடங்கப்பட்டது. ஆண்களுக்கானது 1981-ஆம் ஆண்டு வரையிலும் பெண்களுக்கானது 1989 வரையிலும் நடைபெற்றன. 1968-இல் விம்பிள்டனின் கதவு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறக்கப்பட்டது. தோற்றவுடன் அடுத்த ஊருக்கு விமானமேற வேண்டிய அவர்களுக்கு ஆறுதல் ஆட்டத்தில் நாட்டம் இருந்திராது. பொழுதுபோக்காக ஆடுவோர், அதிலும் சிறுவர்கள், அத்தகையோர் அல்லர். அவர்களுக்கு அடுத்த போட்டி எந்த மாதத்தில் வரும் என்பதே தெரியாது.

அப்படியாயின் தோற்றவர் எல்லாரும் கட்டாயமாக ஆட வேண்டுமென விதித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நமக்கு அது உடன்பாடன்று. வெயிலில் களைத்த பிள்ளை இருக்கும். காலில் தசை பிடித்த பிள்ளை இருக்கும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைக் களத்துக்குள் தள்ளுவது எவ்வாறு ஆறுதலாகும்? மேலும், மனமின்றி ஆடுபவர் பந்தை ஏனோதானோவென்று அடித்துக் கால் மணி நேரத்தில் ஆட்டத்தை முடித்துவிடுவார். எதிரே நிற்பவருக்கும் அதனால் பயனில்லை. எனவே விருப்பத்துக்கு விடுவதே சரி. ஆனால் அஃது ஆடும் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். தோற்றுக் கைகுலுக்கிய மறுகணமே “ஆடுகிறாயா, இல்லையா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லையென்றே தலையசைக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் உள்ளே செல்லட்டும். அதன் பின்னர்ப் பெறப்படும் விடையே விடை.

விருப்பத்துக்கு விடுவதில் ஒரு தீங்கும் உண்டு. அன்று அதனையும் கண்டோம். அந்தத் தந்தையார் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெயரைப் பதிந்து காத்திருந்தார். பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குச் சிறுமி பதினொன்றரைக்கே தயாராக நின்றாள். பட்டியலில் பெயர் கொடுத்திருந்த எதிராளி வரவில்லை. எவரிடமும் சொல்லாமல் குடும்பத்துடன் ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சிறுமி வென்றதாக எழுதிக்கொண்டனர். “நான் இன்னும் ஆடவே இல்லையே” என்று அவள் கேட்டது இன்னும் நம் செவியில் ஒலிக்கிறது. பெயர் கொடுக்குமுன் மறுக்க எவருக்கும் உரிமையுண்டு. கொடுத்த பின், அந்தப் பெயரை நம்பி வெயிலில் ஒரு பிள்ளை நிற்கிறது என்பதை மறக்கலாகாது. காரணமின்றி வராதவரை அடுத்த போட்டியின் ஆறுதல் பட்டியலில் சேர்ப்பதில்லை என ஏற்பாட்டாளர்கள் விதித்தால், அதனைக் கடுமை என்று நாம் சொல்ல மாட்டோம்.

தோற்றவர்களுக்கும் கிண்ணம் கொடுத்துப் பழக்கினால் வெற்றியின் மதிப்புக் குறையாதா என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கிண்ணம் வேண்டியதில்லை, ஆட்டம் போதும் என்றோம். உண்மையில், ‘ஆறுதல்’ என்னும் பெயரே சற்று இடையூறாக இருக்கிறது. இழவு வீட்டுச் சொல்போல் ஒலிக்கும் இப்பெயருக்கு ஈடாக நல்ல தமிழ்ப் பெயரொன்றை நம் ஆசிரியர்கள் கண்டுபிடிப்பார்களாக.

தோற்றபின் ஆடும் ஆட்டம் எத்தகையது என்பதற்கு 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கை நினைவூட்டலாம். 1988-இலும் 1992-இலும் டென்னிஸ் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே ஆட்டமின்றி வெண்கலப் பதக்கம் வழங்கப்பட்டது. 1996-இல் அவ்விருவரும் மோத வேண்டுமென்ற முறை வந்தது. அரையிறுதியில் ஆந்த்ரே அகாசியிடம் தோற்ற இந்தியாவின் லியாண்டர் பயஸ், பிரேசிலின் பெர்னாண்டோ மெலிஜெனியுடன் ஆடி, முதல் செட்டை 3-6 என இழந்து, பின்னர் 6-2, 6-4 என வென்றார். 1952-க்குப் பின் தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அது கட்டாய ஆட்டம், பதக்கமும் உண்டு. சிறுவர் போட்டியுடன் முற்றிலும் ஒப்பிட இயலாதுதான். ஆயினும் முந்தைய தோல்வியை மனத்தில் சுமந்துகொண்டு மீண்டும் மட்டையைக் கையிலெடுப்பது இருவர்க்கும் பொதுவே.

அந்தச் சிறுமிக்கு மாலை மூன்று மணிக்கு மெய்யான ஆட்டமொன்று வாய்த்தது. எட்டு கேம் செட்டில் 6-8 எனத் தோற்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஆட்டம். காலையில் ஒரே ஒரு கேம் வென்றவள், மாலையில் ஆறு வென்றாள். தந்தையார் கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சையே காணோம்.

நம் பள்ளியில் டென்னிஸ் களம் இல்லை. ஆனால் இல்ல விளையாட்டுகளில் பூப்பந்தும் மேசைப்பந்தும் இதே விலகல் முறையில்தான் நடைபெறுகின்றன. மேசைப்பந்து அறையில் மாலை வேளைகளில் மேசைகள் வெறுமையாகவே கிடக்கின்றன. வரும் ஆண்டுப் போட்டியின் முதல் நாளன்று, சிற்றுண்டிச்சாலைச் சுவரில் வெற்றுத் தாளொன்றை ஒட்டி, தோற்றவர்களுள் விரும்புவோர் மறுநாள் காலை ஓய்வு வேளைக்குள் தம் பெயரைத் தாமே எழுதுமாறு ஏற்பாடு செய்ய வேண்டுமென விளையாட்டுக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். பெயர்கள் ஐந்தே சேர்ந்தாலும் நான்கு ஆட்டங்கள் ஆடலாம்.